பேஸ்மெண்டில் கார் கழுவ ரின்ஸ்லெஸ்ஸா, வாட்டர்லெஸ்ஸா? எதை வாங்கலாம்?

நாவலூர் கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வீட்டுக்கே போய் கார் கழுவிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கப் போகிறேன். இதுவரை ஒரு வாட்டர் வாஷ் கடையில் இருந்தேன். பிரஷர் வாஷர், ஃபோம், ஷாம்பூ எல்லாம் கைப்பழக்கம்தான். ஆனால் இனி நான் போகப்போகும் இடமெல்லாம் பெரிய அபார்ட்மெண்ட்கள். பேஸ்மெண்டில் ஹோஸ் போட விடமாட்டார்கள், வடிகாலும் கிடையாது, தரையில் கொஞ்சம் தண்ணீர் நின்றாலே செக்யூரிட்டி வந்துவிடுவார். ஸ்கூட்டரில்தான் போய்வர வேண்டும், டேங்க், ஜெனரேட்டர் எதையும் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

ஆன்லைனில் பார்த்தால் வாட்டர்லெஸ், ரின்ஸ்லெஸ், வாஷ் அண்ட் வாக்ஸ் என்று நூறு பாட்டில் வருகிறது. எல்லாவற்றிலும் ‘கீறல் விழாது’ என்றுதான் போட்டிருக்கிறார்கள். எதை வைத்துத் தேர்வு செய்வது? அப்படியே அடிக்கும் ரெடிமேட் பாட்டில் நல்லதா, கலந்து அடிக்கும் கான்சென்ட்ரேட் நல்லதா? அபார்ட்மெண்ட் போர் தண்ணீரில் கலக்கலாமா? அப்புறம், எனக்கு முதலில் வந்திருக்கும் வண்டிகளில் இரண்டு கறுப்பு. ஒன்றில் பெயின்ட்டைக் காக்க மேலே பூசும் செராமிக் கோட்டிங் இருக்கிறது. அதைத் தொடவே பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை செந்தில்:

தம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். வாட்டர்லெஸ், ரின்ஸ்லெஸ் இரண்டையும் ஒன்று போலவே பேசுகிறார்கள், ஆனால் வேலை வேறு. வாட்டர்லெஸ் என்றால் பாடியில் ஸ்ப்ரே அடித்துத் துணியால் துடைத்து எடுப்பது, மொத்த ஈரமே பாட்டிலில் உள்ள கால் லிட்டர், அரை லிட்டர்தான். ரின்ஸ்லெஸ் என்றால் பக்கெட்டில் எட்டு, பத்து லிட்டர் தண்ணீரில் லிக்விடைக் கலந்து, துணியை அதில் ஊறவைத்துக் கழுவி, அலசாமலே உலர்த்தி விடுவது. இரண்டிலும் காரியம் நடப்பது வழுக்கலால்தான். லிக்விடில் உள்ள பாலிமர் மண்துகளைச் சுற்றிக்கொள்ளும், துகளுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் ஒரு படலம் நிற்கும், அந்த நேரத்தில் துணி துகளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எவ்வளவு ஈரம் இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு. கால் லிட்டர் ஈரம் தாங்குகிற அழுக்கு ஒரு அளவு, பத்து லிட்டர் தாங்குகிற அழுக்கு இன்னொரு அளவு. பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால் ரின்ஸ்லெஸ் கான்சென்ட்ரேட் ஒன்றை வாங்குங்கள், அது போதும். அதையே கெட்டியாகக் கலந்தால் வாட்டர்லெஸ் ஸ்ப்ரே ஆகிவிடும். இந்த வகையில் பெயர் பெற்றது ஆப்டிமம் நோ ரின்ஸ், ஓ.என்.ஆர். என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். மெகுவையர்ஸ் டி114, மெக்கீஸ் என்-914, பி அண்ட் எஸ் ஆப்சொல்யூட் எல்லாமே அதே இனம். நான்குக்கும் பக்கெட் கணக்கு 1:256. அதாவது எட்டு லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி., பத்து லிட்டர் என்றால் 40 மி.லி. எட்டு லிட்டர் கணக்கில் 946 மி.லி. பாட்டிலில் முப்பது கார் வரும். வாட்டர்லெஸ் போல அடிக்க வேண்டும் என்றால் 1:16. ஒரு சின்ன காருக்கு கால் லிட்டர் ஸ்ப்ரே போகும், அதில் கான்சென்ட்ரேட் 15 மி.லி.தான். எஸ்.யு.வி.க்கு அரை லிட்டர் போனால் அதுவும் 30 மி.லி. ஆகிவிடுகிறது. ஆக இரண்டு முறைக்கும் லிக்விட் செலவில் பெரிய வித்தியாசமே இல்லை. ரெடிமேட் வாட்டர்லெஸ் பாட்டில் 500 மி.லி. வாங்கினால் இரண்டு சின்ன காரோடு தீர்ந்துவிடும், அதில் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் தண்ணீருக்கும் பிளாஸ்டிக்குக்கும்தான். தொழிலாகச் செய்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது.

அளவுக் குப்பி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்மதிப்பில் ஊற்றுவதுதான் பலருக்கு வழக்கம். கூடிப்போனால் பாடி பிசுபிசுப்பாகும், துடைத்த பிறகும் கோடு நிற்கும். குறைந்தால் வழுக்கல் போய்விடும், அது இன்னும் மோசம். வாட்டர் வாஷ் ஷாம்பூவையே சொட்டு விட்டு இதே போல ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஷாம்பூ அலசுவதற்கென்றே செய்தது. அலசாமல் காயவிட்டால் சோப்புப் படலம் நிற்கும், கண்ணாடியில் இரவு எதிர்வண்டி லைட் அடிக்கும்போது அப்படியே தெரியும்.

இப்போது முக்கியமான விஷயம், துணி. பத்து மைக்ரோஃபைபர் துணியாவது வேண்டும். கழுவ 350 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) அளவில், ஓரம் தைக்காத துணி போதும், உலர்த்த மட்டும் தடிமனானது ஒன்று. கழுவும் துணி எல்லாவற்றையும் பக்கெட்டில் ஊறப்போடுங்கள், ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து நான்காக மடித்தால் எட்டுப் பக்கம் கிடைக்கும். ஒரு இழுப்புக்கு ஒரு பக்கம், அழுக்கானதும் திருப்பிப் பிடிக்க வேண்டும், எட்டும் முடிந்ததும் அந்தத் துணியைத் தனிப் பையில் போட வேண்டும். திரும்ப பக்கெட்டுக்குள் போகவே கூடாது. வெளிநாட்டில் டீட்டெய்லர்கள், அதாவது காரை நுணுக்கமாகச் சுத்தம் செய்யும் தொழில்காரர்கள், கேரி டீன் முறை என்பார்கள் இதை. காரின் கடைசிப் பாகம் வரைக்கும் பக்கெட் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். கூரை, கண்ணாடி, பானெட், கதவின் மேல் பாதி என்று மேலிருந்து வாருங்கள். கதவின் அடிப்பகுதியும் பின் பம்பரும் கடைசி, ஏனென்றால் டயர் வாரியடிக்கும் மண் அங்கேதான் ஒட்டும். வீலுக்கு வேறு நிறத் துணி, அது பெயின்ட் பக்கம் வரவே கூடாது. பிரேக் தூளில் நிறைய இரும்பு.

துணி தொடுவதற்கு முன்னால் அதே கலவையை இரண்டு லிட்டர் கை பம்ப்பில் ஊற்றி, கழுவப்போகும் பகுதி முழுக்க அடித்து ஒரு நிமிடம் விடுங்கள். தோட்டத்துக்கு மருந்தடிக்க விற்கும் பம்ப் போதும், புதிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கறுப்பு வண்டிக்கு இந்த ஒரு நிமிடம்தான் உங்களைக் காப்பாற்றும்.

பெங்களூரு ராஜன்:

செந்தில் அண்ணன் சொன்னது எல்லாமே சரி, தண்ணீரைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். இங்கே 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவக்கூடாது என்று தடை போட்டு 5,000 ரூபாய் அபராதம் வைத்தது, திரும்பச் செய்தால் நாளுக்கு 500 கூடுதல். என் வேலை அப்போதுதான் முழுக்க ரின்ஸ்லெஸ் பக்கம் திரும்பியது. அந்த நேரத்தில் கிடைத்த போர் தண்ணீரில் எல்லாம் கலந்து பார்த்தாயிற்று.

போர் தண்ணீரில் கலக்கலாமா என்ற கேள்விக்கு, தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர்தான் பதில் சொல்லும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, உடனே வாங்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மி.கி., வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை விடுகிறார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் கடலோரம், ஆயிரத்தைத் தாண்டும் போர்கள் அங்கே உண்டு. 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து லிட்டர் பக்கெட்டில் 15 கிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று பொருள். அலசாத முறையில் பாடியில் காயும் ஒவ்வொரு சொட்டும் அந்த உப்பை அங்கேயே விட்டுப் போகும். நல்ல ரின்ஸ்லெஸ் லிக்விட் ஓரளவு கடினத்தன்மையைச் சமாளிக்கும், ஆனால் உப்பை மறைய வைக்காது. என் அளவு 300. அதற்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை.

பத்து லிட்டர் கேன் ஒன்று ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் தாராளமாக நிற்கும். வீட்டிலிருந்தே நல்ல தண்ணீர் கொண்டு போங்கள். ரின்ஸ்லெஸ்ஸின் பெரிய சௌகரியமே அதுதான், ஒரு காருக்கு வேண்டிய தண்ணீர் கையோடு வந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை. வாடிக்கையாளர்கள் அன்பாக, ‘ஆர்.ஓ. மெஷினில் வீணாகும் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன், கார் கழுவ எடுத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். வேண்டாம். மெஷின் பிரித்துத் தள்ளிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது, மூலத் தண்ணீரைவிட டி.டி.எஸ். கூடுதலாக இருக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அது காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, உப்பே கிட்டத்தட்ட இல்லை. மீட்டரை வைத்து நீங்களே பாருங்கள்.

முடிந்ததும் பக்கெட்டில் மிஞ்சுவதை மழைநீர் வடிகாலில் கொட்டாதீர்கள். கேனிலேயே திரும்ப ஊற்றிக்கொண்டு போய், கழிவுநீர்க் குழாய்க்குப் போகும் இடத்தில் விடுங்கள்.

பெரும்பாக்கம் வாசுகி:

நான் டீட்டெய்லர் இல்லை, கார் வைத்திருக்கிறவள், எங்கள் அசோசியேஷனில் பார்க்கிங் பொறுப்பும் என்னிடம்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த வருடம்தான் இங்கே பேஸ்மெண்டில் ஹோஸுக்குத் தடை போட்டோம். அப்புறம் நல்ல மழை பெய்தும் தடையை எடுக்கவில்லை. ஆகவே உங்கள் தொழிலுக்கு இடம் இருக்கிறது தம்பி. ஆனால் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சொல்ல வேண்டும்.

எங்கள் பிளாக்கில் தினமும் காலையில் ஒருவர் மாதச் சம்பளத்துக்கு இருபது, இருபத்தைந்து கார் துடைக்கிறார். ஒரு பக்கெட், ஒரு பனியன் துணி. பத்தாவது காருக்கு வரும்போது அந்தத் தண்ணீர் டீ நிறத்தில் இருக்கும், அதே துணிதான் டயரையும் தொடுகிறது, பானெட்டையும் தொடுகிறது. என் கறுப்பு வண்டியின் கூரையை மொபைல் டார்ச்சில் பார்த்தால் லைட்டைச் சுற்றி வட்ட வட்டமாகச் சிலந்தி வலை போலக் கீறல். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மாதம் நாங்கள் கொடுக்கும் சில நூறுக்கு அவர் வேறு என்ன செய்வார். ஆனால் வாட்டர்லெஸ் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு சேவையும் அதையேதான் செய்தது, பக்கெட்டுக்குப் பதிலாக ஸ்ப்ரே பாட்டில், துணி ஒன்றே ஒன்று. அதனால் நீங்கள் வந்ததும் வேலையைத் தொடங்கும் முன் துணி அடுக்கைக் காட்டுங்கள். பாட்டில் பெயர் எங்களுக்குப் புரியாது, பத்து சுத்தமான துணி புரியும்.

முன்கண்ணாடியை அதே லிக்விடில் துடைத்து விட்டுவிடாதீர்கள். வாக்ஸ் கலந்த லிக்விட் கண்ணாடியில் படிந்தால் மழையில் வைப்பர் கடகடவென்று துள்ளும், இரவில் மங்கலாகத் தெரியும். கடைசியில் வெறும் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஒரு முறை துடையுங்கள். பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக், கண்ணாடி ஓர ரப்பர் இங்கெல்லாம் வாக்ஸ் கலந்தது போனால் காய்ந்து வெள்ளை வெள்ளையாக நிற்கிறது, என் வண்டியில் பல் தேய்க்கும் பிரஷ் போட்டுத்தான் எடுத்தேன்.

துபாய் இஸ்மாயில்:

செந்தில் பாய் வாட்டர்லெஸ்ஸை ஒதுக்கிவிட்ட மாதிரி தெரிகிறது, அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. இங்கே மால் பார்க்கிங்கில் கார் கழுவுகிறவர்கள் தள்ளுவண்டியில் ஸ்ப்ரேயும் துணியும் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள், ஆட்கள் ஷாப்பிங் முடித்து வருவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். பொது இடத்தில் அழுக்கு வண்டியைப் போட்டு வைத்தால் 500 திர்ஹாம் அபராதம் உள்ள ஊர், அதனால் ஆட்கள் வாரம் இரண்டு முறைகூடக் கழுவுகிறார்கள். அப்படி அடிக்கடி கழுவும் வண்டியில் இருப்பது மெல்லிய தூசி மட்டும். அதற்கு 1:16 ஸ்ப்ரே, நல்ல துணி போதும், பக்கெட் தேவையில்லை.

ஆனால் மணல்காற்று அடித்த மறுநாள் அதே ஆட்களிடம் நான் வண்டியைக் கொடுக்க மாட்டேன். விரலால் தடவினால் நறநறவென்று இருக்கிறதா, அப்படியென்றால் ஸ்ப்ரே வேண்டாம், நிறையத் தண்ணீர் வேண்டும். கார்த்தி, உங்கள் வாடிக்கையாளர்களை வாரச் சந்தாவுக்குக் கொண்டுவர முயலுங்கள். முதல் கழுவல் பக்கெட்டில் முழுசாக, அடுத்தடுத்த வாரம் பேஸ்மெண்டிலேயே நிற்கும் வண்டி என்றால் ஸ்ப்ரேயில். மாதம் ஒரு முறை கூப்பிடுகிறவருக்கு ஸ்ப்ரேயை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பேனலைத் தொட்டுப் பார்க்கவும் மறக்காதீர்கள். வெயிலில் நின்று சூடான பானெட்டில் அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும், கறை நிற்கும். இங்கே நாங்கள் கோடையில் நிழலில் மட்டுமே செய்கிறோம். சென்னை மே மாதத்திலும் அப்படியே செய்யுங்கள்.

நாவலூர் கார்த்தி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாசுகி அக்கா சொன்ன துணி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, கண்டிப்பாகக் காட்டுகிறேன். டி.டி.எஸ். மீட்டரும் ஆர்டர் போட்டுவிட்டேன். இன்னும் மூன்று சந்தேகம். செராமிக் கோட்டிங் போட்ட வண்டிக்கு வாஷ் அண்ட் வாக்ஸ் வகை போடலாமா? எங்கள் பக்கம் மெட்ரோ வேலை நடக்கிறது, வண்டியெல்லாம் சிமெண்ட் தூசி, அதை ரின்ஸ்லெஸ்ஸில் எடுக்கலாமா? பறவை எச்சம் காய்ந்து கிடந்தால்?

கோவை செந்தில்:

இஸ்மாயில் பாய், ஒதுக்கவில்லை, தொடக்கத்திலேயே ஸ்ப்ரேயைக் கையில் கொடுத்தால் எல்லா வண்டிக்கும் அதையே எடுத்துவிடுவார்கள் என்ற பயம்தான். வாரச் சந்தா யோசனை அருமை, நானும் அதையே சொல்வேன்.

கார்த்தி, கோட்டிங் வண்டிக்கு வாக்ஸ் கலக்காத சாதா ரின்ஸ்லெஸ்தான். ஓ.என்.ஆரிலேயே நீல நிறம் சாதா, பச்சை நிறம் வாஷ் அண்ட் வாக்ஸ், நீலத்தை எடுங்கள். கோட்டிங்கின் மேல் வாக்ஸ் படிந்தால் தண்ணீர் முத்து முத்தாக உருள்வது மங்கிவிடும். பெயின்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பல ஆயிரம் கொடுத்துக் கோட்டிங் போட்டவர் ‘நீங்கள் கழுவிய பிறகுதான் கோட்டிங் போய்விட்டது’ என்று சொல்லப் போகிறார், அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வண்டிக்கும் இதே விதி, அங்கே வாக்ஸ் போனால் திட்டுத் திட்டாக மினுமினுக்கும். கோட்டிங் இல்லாத சாதா பழைய வண்டிக்கு வாக்ஸ் வகை நல்லதுதான், ஆனால் ஆரம்பத்தில் இரண்டு பாட்டில் வேண்டாம். எல்லா வண்டிக்கும் பொதுவானது நீலம்.

சிமெண்ட் தூசியை ரின்ஸ்லெஸ்ஸில் தொடாதீர்கள். சிமெண்ட் காரம், கூடவே மணலும் கலந்திருக்கும், கொஞ்சம் ஈரம் பட்டால் இறுகத் தொடங்கும். பத்து லிட்டரில் அதை எடுக்கப் பார்ப்பது பெயின்ட்டின் மேல் உப்புத்தாள் போடுவது மாதிரி. அதை நிறையத் தண்ணீர் அடித்து இறக்க வேண்டும், நீங்கள் முன்பு வேலை பார்த்த மாதிரி வாட்டர் வாஷ் கடைக்கு அனுப்புங்கள். இறுகிய தெறிப்பு என்றால் அதைக் கரைக்கத் தனி ஆசிட் வகை லிக்விட் இருக்கிறது, அது கடையில் வைத்துச் செய்யும் வேலை. வடகிழக்குப் பருவமழையில் வீல் ஆர்ச்சிலும் கதவடியிலும் சேறு அப்பிய வண்டியும் அப்படித்தான். போனிலேயே நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கதவடியை மட்டும் கிட்டத்தில் ஒரு படம். அதைப் பார்த்துவிட்டு வருகிறேன், வரமாட்டேன் என்று சொல்லிவிடலாம். ஸ்கூட்டர் ஓட்டிப் போய் நின்ற பிறகு மறுப்பது கஷ்டம், அப்போதுதான் ‘சரி, பார்த்துச் செய்யுங்கள்’ என்பார்கள், கீறல் விழும்.

பறவை எச்சத்தின் மேல் 1:16 கலவையில் நனைத்த துணியை அப்படியே போர்த்தி ஐந்து நிமிடம் விடுங்கள். இளகியதும் தேய்க்காமல் கிள்ளி எடுப்பது போல மேலே தூக்குங்கள். எச்சத்தில் அமிலம் உண்டு, வெயிலில் நின்ற வண்டியில் பெயின்ட்டின் மேல் உள்ள கிளியர் கோட் படலத்தையே தின்றிருக்கும். எடுத்த பிறகு அடியில் வட்டமாக மங்கல் தெரிந்தால் உடனே வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் காட்டி, படமும் எடுத்து வையுங்கள். அதைப் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும், எந்த வாஷ் லிக்விடும் எடுக்காது. தார்ப் புள்ளியும் அப்படித்தான், தார் ரிமூவர் வேறு.

துணி துவைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை. வீட்டுத் துணியோடு போடாதீர்கள், பருத்தி நூல் மைக்ரோஃபைபரில் ஏறிக்கொள்ளும். கம்ஃபர்ட் போன்ற சாஃப்ட்னர் கூடாது, அது இழையில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட், நிழலில் உலர்த்தல். அயர்ன் வேண்டாம். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுப் பயன்படுத்துவது எல்லாக் கடையிலும் நடக்கிறது, நீங்கள் செய்யாதீர்கள், ஒரு மணல் போதும். ஒரு நாளைக்கு மூன்று கார் என்றால் முப்பது துணி வேண்டும். முதலில் போடும் காசில் பாதி துணிக்கே போகும், லிக்விடுக்கு ஒரு பாட்டில்.